‘விஷவாயு’ என்று எழுதி மூடப்படும் வழக்குகள்

கழிவுநீர்த் தொட்டியில் இறங்கியவர் இறந்தால் மறுநாள் செய்தி ஒரே வரிதான்: ‘விஷவாயு தாக்கி பலி’. காவல் நிலையத்தில் கவனக்குறைவால் மரணம் என்று வழக்குப் பதிவாகும். பல ஊர்களில் விசாரணை அதோடு சரி.

விஷவாயு கொன்றது உண்மைதான். மலக்கழிவு அழுகும்போது உண்டாகும் ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது. தொட்டியின் அடியில் தங்கும். குறைவாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கே மரத்துப்போகும். நாற்றம் இல்லை என்று நம்பி இறங்கியவர் சில மூச்சில் சுருண்டு விழுகிறார். அவரைத் தூக்கப் போன தம்பியும் மேலே வருவதில்லை. ஒரே வீட்டில் இரண்டு சாவு விழுவது இப்படித்தான்.

ஆனால், ரயில் தடம் புரண்டால் ‘பெட்டி கவிழ்ந்ததால் இறந்தார்கள்’ என்று எழுதி முடிப்பதில்லையே! பாதுகாப்பு ஆணையர் வந்து தண்டவாளம், சிக்னல், ஊழியர் என்று தோண்டித் துருவுகிறார். அதேபோல இங்கும் கேட்போம். ஏன் இறங்கினார்? உறிஞ்சும் லாரி வரவில்லை. ஏன் வரவில்லை? சந்துக்குள் நுழையாது, அல்லது லாரி வாடகையைவிட ஆள் கூலி மலிவு. ஏன் மலிவு? கருவியும் காப்பீடும் கொடுக்காமலே வேலை வாங்கலாம். ஊரில் கூலிக்குப் போகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்க, நம் தெருவுக்கு மட்டும் ஏன் ஆள் தேடி வருகிறார்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு முன்னால்தான் விசாரணைகள் நின்றுவிடுகின்றன.

2022, 2023 ஆண்டுகளில் நடந்த இத்தகைய 54 மரணங்களை மத்திய சமூக நீதி அமைச்சகம் ஆய்வு செய்தது. 49 பேரிடம் எந்தப் பாதுகாப்புக் கருவியும் இல்லை. 38 பேர் தனியாளாகக் கூலிக்கு அழைக்கப்பட்டவர்கள். ‘தொழிலாளி கவசம் அணியவில்லை’ என்று அவர் மேலேயே பழி போடுகிறவர்களும் உண்டு. கொடுத்தால்தானே அணிய!

பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் ஆளை இறக்குவதே 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். யாரும் சாக வேண்டியதில்லை. முதல் தடவைக்கே 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பட்டியல் சாதியினரைக் கையால் மலம் அள்ள வைப்பதை, 2015ஆம் ஆண்டுத் திருத்தம் வன்கொடுமைக் குற்றங்களில் சேர்த்தது. வன்கொடுமைச் சட்டத்தில் வழக்குப் பதிவானால், டி.எஸ்.பி. தகுதிக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். வெறும் கவனக்குறைவு வழக்கு என்றால் அந்தக் கட்டாயம் இல்லை. ‘யார் கவனமாக இல்லை’ என்பதோடு கேள்வி முடியும். ‘யார் அனுப்பினார், யாருக்காக அனுப்பினார்’ என்பது எழாது.

பாதாளச் சாக்கடை மரணத்துக்கு 2014இல் 10 லட்சம் ரூபாய் என்றிருந்த இழப்பீட்டை, 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 30 லட்சமாக உயர்த்தியது. துக்க வீட்டில் சில லட்சத்தோடு சமரசம் பேச வருகிறவர்கள் இதைச் சொல்வதில்லை. புகார் கொடுத்தவருக்கு முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். வீட்டில் படிக்கும் பிள்ளைகள் இருந்தால், அந்தத் தாளில் சட்டப் பிரிவுகள் எழுதியிருக்கும் இடத்தை முதலில் பார்க்கட்டும்.