தீயினின்று எழாத நந்தன்

தமிழ் மேடை நெடுங்காலம் பக்திச் சுவைக்கென எடுத்தாண்ட பழங்கதைகளை வினாவுக்கு உட்படுத்தியவர்களுள் ஒருவர் இந்திரா பார்த்தசாரதி. 1930இல் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த அவர், வைணவத்தை ஆய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர். தில்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்தார். பின்னர்ப் புதுச்சேரியில் சங்கரதாஸ் சுவாமிகள் நாடகப் பள்ளிக்குத் தலைமை ஏற்றார். 'மழை' குடும்ப உறவுகளின் இறுக்கத்தையும், 'ஔரங்கசீப்' அதிகாரத்தின் தனிமையையும் காட்டுகின்றன.

ஆயினும் நாம் சிறப்பாகச் சிந்திக்கத் தக்கது 'நந்தன் கதை' (1978). பெரியபுராணத்தில், தில்லைக் கூத்தனைக் காண விழைந்த திருநாளைப்போவார் தீயினுட் புகுந்து, பூணூல் அணிந்த முனிவராக எழுகிறார். நாடகத்திலோ, மேற்சாதியினரின் சூழ்ச்சிக்கு இரையாகி நந்தன் தீயில் இறங்குகிறான், எழவில்லை. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசையோடு எரிக்கப்பட்ட கொடுமையைக் களமாகக் கொண்டு 'குருதிப்புனல்' நாவலை எழுதியவர் இவரே. அத்தகையவர் தீயைத் தூய்மையின் வாயில் என்று எவ்வாறு ஏற்பார்?

இதன் மறுபக்கத்தை, 1999ஆம் ஆண்டின் சரஸ்வதி சம்மான் விருது பெற்ற 'இராமாநுஜர்' நாடகத்தில் காண்கிறோம். திருக்கோட்டியூரில் தாம் பெற்ற மந்திரத்தை, குருவின் தடையையும் மீறி யாவருக்கும் அறிவித்தவர் என்று மரபு போற்றும் பெரியார் அவர்.

உள்ளே வர விரும்புகிறவன் முதலில் வேறொருவனாக மாறவேண்டும் என்பது நந்தனுக்கு விதிக்கப்பட்ட நிபந்தனை. அந்நிபந்தனை நம் சபைகளில் எவ்வுருவில் நிற்கிறது என்று வினவாமல், இந்நாடகங்களைப் படித்து மூடிவைத்தல் நமக்கு இயலாது.