கடல் அரித்தாலும் அழியாத வழி

இங்கிலாந்திலும் வேல்சிலும் தனியார் வயல்களையும் மேய்ச்சல் நிலங்களையும் ஊடறுத்துச் செல்லும் பொதுவழிகளின் நீளம் சுமார் 2,25,000 கிலோமீட்டர். இவற்றில் நடப்பது நிலக்காரர் மனமிரங்கி விடும் சலுகையல்ல, சட்டப்படியான உரிமை. உள்ளூர் நிர்வாகங்கள் இவ்வழிகளைக் கணக்கெடுத்து வரைபடத்தில் பதியவேண்டும் என்று 1949ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. அப்படிப் பதிவான வழியை வேலியிட்டு அடைக்க நிலக்காரருக்கு அதிகாரமில்லை.

கடலோரத்தில் மட்டும் இந்த வலைப்பின்னல் நெடுங்காலம் அறுந்தறுந்தே கிடந்தது. மைன்ஹெட் முதல் பூல் துறைமுகம் வரை 1,014 கிலோமீட்டர் நீளும் தென்மேற்குப் பாதை விதிவிலக்கு. கடத்தல்காரர்களைத் தேடிக் கடலோரக் காவலர்கள் ரோந்து சென்ற தடமே அதன் மூலம். ஒவ்வொரு சிறு குடாவையும் மேலிருந்து கண்காணிக்க வேண்டியிருந்ததால்தான் அது செங்குத்துப் பாறைகளின் விளிம்பிலேயே ஏறி இறங்குகிறது. வேல்ஸ் 2012 மே மாதம் தன் கரை நெடுகிலும் 1,400 கிலோமீட்டர் பாதையைத் திறந்தது.

இங்கிலாந்தின் கரை நெடுகிலும் அத்தகைய பாதைக்கு வழிவகுத்தது 2009ஆம் ஆண்டின் கடல், கடலோர அணுகல் சட்டம். பாதையோடு, பாதைக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நிலத்தின் பெரும்பகுதியையும் அது மக்களுக்குத் திறந்துவிட்டது. அதைவிட முக்கியமானது, கரை அரிக்கப்படும்போது பாதையும் உள்நிலம் நோக்கி நகரலாம் என்ற ஏற்பாடு. முன்பெல்லாம் பாறை சரிந்தால் நடக்கும் உரிமையும் அதோடு கடலில் விழுந்தது. புதுவழிக்கு நிலக்காரரிடம் மறுபடி பேசவேண்டியிருந்தது. இங்கிலாந்தின் கிழக்கில் உள்ள ஹோல்டர்னஸ் கரையில் கடல் ஆண்டுக்குச் சராசரியாக 2 மீட்டர் அளவுக்கு நிலத்தை விழுங்குகிறது. அத்தகைய இடத்தில் அசையாத கோடாக வரையப்படும் பாதைக்கு ஆயுள் கிடையாது. பாதையை நகரவிட்டதே இச்சட்டத்தின் உண்மையான சாதனை.

வீடும் தோட்டமும் இந்த உரிமைக்கு அப்பாற்பட்டவை. ஓதம் ஏறும்போது ஓடைகள் நிரம்பி ஆளைச் சிறைப்பிடிக்கும் உவர்ச்சேற்று நிலங்களில் நுழையத் தடை விதிக்கலாம். சின்ன ஆலாவும் உப்புக்கொத்தியும் கூழாங்கல் கரையில், வெறுந்தரையிலேயே முட்டையிடுகின்றன. கல்லின் நிறத்திலேயே இருக்கும் அம்முட்டைகள் மிதிபடும்வரை கண்ணில் படாது. நாயைக் கண்டு தாய்ப்பறவை எழுந்து பறந்தால் அவை குளிர்ந்து கெடும். ஆகவே இனப்பெருக்கக் காலத்தில் அத்தகைய இடங்களுக்குக் கயிறு கட்டுவதும், நாயைப் பிடித்தபடி நடக்கச் சொல்வதும் நியாயமே.

ஸ்காட்லாந்து இன்னும் தாராளமானது. அங்கே 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதை இருந்தாலும் இல்லாவிட்டாலும், பெரும்பாலான நிலத்திலும் நீர்நிலையிலும் எவரும் செல்லலாம். பொறுப்போடு நடந்துகொள்ளும்வரைதான் அந்த உரிமை. தன் நிலத்தைப் பொறுப்போடு நிர்வகித்து, வருபவரைக் காரணமின்றித் தடுக்காதிருப்பது நிலக்காரரின் கடமை.