உங்களுக்குத் தெரியுமா? அலைக்கும் மீன் பெயர்!

வட அமெரிக்க ஏரிகளில் வாழும் வால்ஐ மீனைச் சுற்றித் தூண்டில்காரர்களின் தனிச் சொல்லகராதியே உண்டு.

● பளிங்குக் கண்: விழித்திரைக்குப் பின்னுள்ள படலம் ஒளியை எதிரொளிப்பதால் இதன் கண் மின்னும். அதனால் வந்த பட்டப்பெயர் இது.

● வால்ஐ சாப்: காற்றில் ஏரி சிற்றலையாடும் வேளை. நீருக்குள் வெளிச்சம் மங்குவதால், கண் கூசாமல் மீன் துணிந்து இரை தேடும், தூண்டில்காரருக்குக் கொண்டாட்டம்!

● ஈட்டர்: குழம்புச்சட்டிக்கு ஏற்ற நடுத்தர மீன். முட்டையிடும் பெரிய தாய்மீன்களை ஏரிக்கே திருப்பி விடுவது பலரின் நல்வழக்கம்.

● பிக்கரல்: கனடாவில் பலர் அழைக்கும் பெயர். உண்மையான பிக்கரலோ வேறு குடும்பம்! கியூபெக்கில் வால்ஐயின் பெயர் 'டோரே'. பிரெஞ்சில் 'பொன்னிறமானது' என்று பொருள்.

1965 முதல் வால்ஐயே மினசோட்டாவின் மாநில மீன்.