வரன் தேடுவதில் முதலில் கேட்பவருக்கே ஆதாயம்: கணிதம் தரும் விளக்கம்

பெண் பார்க்க வருவது மாப்பிள்ளை வீட்டார். காத்திருப்பது பெண் வீட்டார். தோட்டமானாலும் பட்டணமானாலும் நம்மவரிடையே நெடுங்காலமாக இருந்து வரும் வழக்கம் இது. கேட்கும் பக்கத்துக்கும் காத்திருக்கும் பக்கத்துக்கும் கிடைக்கும் பலன் ஒன்றா? இல்லை என்கிறது ஆட்டக் கோட்பாடு எனும் கணிதப் பிரிவு.

அமெரிக்காவைச் சேர்ந்த டேவிட் கேல், லாய்ட் ஷாப்லி இருவரும் 1962-இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டனர். அவர்கள் சொன்ன முறை எளிது. ஒவ்வோர் ஆணும் தமக்கு மிகவும் பிடித்த பெண்ணிடம் முதலில் கேட்கிறார். பெண், வந்தவர்களில் சிறந்தவரை நிறுத்தி வைத்து மற்றவர்களை மறுக்கிறார். மறுக்கப்பட்டவர் அடுத்த பெண்ணை நாடுகிறார். பிறகு இன்னும் பிடித்தவர் வந்தால் பெண் மாற்றிக்கொள்ளலாம். இப்படியே போனால் முடிவில், தத்தம் துணையைவிட ஒருவரையொருவர் அதிகம் விரும்பும் இருவர் எங்கும் இருக்கமாட்டார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. குமாருக்குக் கலாவைப் பிடிக்கும், ரவிக்கு மாலாவை. ஆனால், கலாவின் முதல் விருப்பம் ரவி. மாலாவின் முதல் விருப்பம் குமார். ஆண்கள் கேட்டால் குமார்–கலா, ரவி–மாலா என அமையும். ஆண்கள் இருவருக்கும் முதல் விருப்பம், பெண்களுக்கோ இரண்டாவது. பெண்கள் கேட்டால் நிலைமை அப்படியே தலைகீழ். இரண்டுமே முறியாத ஜோடிகள்தாம். யார் கேட்டார் என்பது மட்டுமே வேறு.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. அமெரிக்காவில் இளம் மருத்துவர்களைப் பயிற்சி மருத்துவமனைகளுக்கு ஒதுக்கும் முறை நீண்டகாலம் மருத்துவமனைகளின் பக்கம் சாய்ந்திருந்தது. பொருளியலாளர் ஆல்வின் ராத் அதைத் திருத்தியமைத்தார். 1998 முதல் மருத்துவர்களே கேட்கும் பக்கமாயினர். ஷாப்லியும் ராத்தும் 2012-இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். கேல் 2008-இலேயே காலமாகிவிட்டார்.

மனித மனம் பட்டியலுக்குள் அடங்காது. நாளுக்கு நாள் மாறவும் செய்யும். கேட்பவர் ‘வேண்டாம்’ என்ற பதிலையும் தாங்க வேண்டும். ஆனால், காத்திருப்பவர் தம்மைத் தேடி வந்தவர்களுக்குள் மட்டுமே தேர்ந்தெடுக்க முடியும். வரன் பார்க்கும் பெற்றோர், மகளின் விருப்பத்தை முதலில் கேட்டறிந்து தாங்களே சொல்லி அனுப்பினால் அதில் கௌரவக் குறைவு ஏதுமில்லை. கணக்குப்படி, மகளுக்கு அதுவே நல்லது.