வீழ்த்தினால் மட்டும் போதாது
ஜூடோவில் ஆட்டத்தையே முடித்துவைக்கும் வீச்சுக்கு பிரேசிலிய ஜியு-ஜிட்சுவில் 2 புள்ளிதான். களம் மாறும் வீரர் எதை எடுத்துச் செல்வது, எதை விட்டுச் செல்வது?

தமிழில் உடும்புப்பிடி, தெலுங்கில் உடும் பட்டு. இரண்டு மொழியும் ஒரே தெருவில் புழங்கும் சித்தூரில் இதற்கு யாருக்கும் விளக்கம் தேவையில்லை. பிடித்தால் விடாத பிடி. ஜூடோவுக்கும் அதன் வயிற்றில் பிறந்த பிரேசிலிய ஜியு-ஜிட்சுவுக்கும் உள்ள வித்தியாசமும் ஏறக்குறைய இதுதான். தாய்க்கலை தூக்கி வீசுவதைக் கொண்டாடுகிறது. பிள்ளைக்கலை, வீசிய பிறகு பிடித்து வைத்திருப்பதைக் கொண்டாடுகிறது.

ஜூடோ, பள்ளி விளையாட்டுப் போட்டிகளின் பட்டியலில் உள்ள ஆட்டம். சிறிய ஊர்களிலும் பள்ளிப் பருவத்திலேயே அதைக் கற்றுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பிரேசிலிய ஜியு-ஜிட்சு அப்படியல்ல. அதன் பயிற்சிக்கூடங்களும் போட்டிகளும் பெரும்பாலும் பெருநகரங்களைச் சுற்றியே இருக்கின்றன. ஆனால் சித்தூர், திருப்பதிவாசிகளுக்கு ஒரு வசதி. சென்னையும் பெங்களூரும் சில மணி நேர பஸ் பயணம்தான். ஜூடோ தெரிந்த ஒரு பையனோ பெண்ணோ அங்கே போய் ஒரு கை பார்க்கலாம் என்று நினைத்தால், முதலில் எழும் கேள்வி: தெரிந்த வீச்சுகளில் எவை அங்கே செல்லுபடியாகும்?

இரண்டு கலைகளுக்கும் மூலம் ஒன்று. 1882-ல் டோக்கியோவில் ஒரு புத்தர் கோயிலில், 12 பாய்கள் விரித்த சின்ன இடத்தில், ஜிகோரோ கானோ தன் பள்ளியைத் தொடங்கினார். கோடோகன் என்று பெயர். அங்கே பயின்ற மிட்சுயோ மயேடா 1914-ல் பிரேசிலில் கால்வைத்தார். அவரிடம் கற்ற கார்லோஸ் கிரேசியும் அவருடைய சகோதரர்களும் தரையில் கிடந்தபடி சண்டையிடும் பகுதியைத் தனிக்கலையாக வளர்த்தார்கள்.

அதே கோடோகனின் கலையை இந்தியாவுக்கு அழைத்துவந்தவர் ரவீந்திரநாத் தாகூர். 1905-ல் ஜின்னோசுகே சானோவும் 1929-ல் ஷின்சோ டகாகாகியும் சாந்திநிகேதனில் கற்றுக்கொடுத்தார்கள். இடையே 1919-ல், அன்று சித்தூர் மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளிக்கு வந்த தாகூர், அங்கே தங்கியிருந்தபோதுதான் 'ஜன கண மன'வை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். ஒரு மொழியில் கச்சிதமாக உட்கார்ந்த சொல், இன்னொரு மொழியில் கால் தடுக்கி விழும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். வீச்சுகளுக்கும் அதே கதிதான்.

கணக்கைப் பார்ப்போம். ஜூடோவில் எதிராளியை வேகத்தோடும் கட்டுப்பாட்டோடும் முதுகு தரையில் படும்படி வீசினால் 'இப்போன்'. ஆட்டம் முடிந்தது. ஜியு-ஜிட்சுவில், சர்வதேசக் கூட்டமைப்பின் விதிப்படி, எதிராளியைக் கீழே தள்ளி 3 விநாடி மேலே நிலைத்திருந்தால் 2 புள்ளி. அவருடைய கால்களின் தடுப்பைத் தாண்டிப் போனால் 3. மார்பில் ஏறி உட்கார்ந்தாலோ, முதுகில் ஏறி இரு கால்களையும் கொக்கிபோல் மாட்டினாலோ 4. கழுத்தை நெரித்தோ மூட்டை மடக்கியோ எதிராளியைத் 'தட்ட' வைத்தால், அதுவரை எடுத்த புள்ளிகளுக்கு அர்த்தமில்லை, ஆட்டம் உங்களுடையது.

அதாவது, ஜூடோவில் வீச்சு முற்றுப்புள்ளி. இங்கே அது காற்புள்ளி.

இந்தக் கணக்கில் முதலில் அடிபடுவது ஜூடோக்காரர்களின் செல்லப்பிள்ளையான 'செயோய் நாகே'. எதிராளிக்கு முதுகைக் காட்டித் திரும்பி, அவரைத் தோள்மேல் ஏற்றி முன்னால் போடும் வீச்சு. ஜூடோவில் இது தோற்றால் பெரிய நஷ்டமில்லை. குப்புறப் படுத்து ஆமைபோல் சுருண்டுகொண்டால், எதிராளி முன்னேறாதபோது சில விநாடிகளில் நடுவர் நிறுத்தி இருவரையும் எழுப்பிவிடுவார். ஜியு-ஜிட்சு நடுவர் எழுப்ப மாட்டார். காட்டிய முதுகில் எதிராளி ஏறிக்கொள்வார். 2 புள்ளிக்கு ஆசைப்பட்டு 4 புள்ளி கொடுத்ததுமல்லாமல், கழுத்தும் அவர் கைக்குள் போய்விடும். இந்த வீச்சை எறிந்துவிட வேண்டியதில்லை. ஆனால் பத்துக்கு எட்டு முறை விழும் என்ற நம்பிக்கை இருந்தால் மட்டுமே கையில் எடுக்க வேண்டும்.

முதல் பரீட்சை, ஆகவே, இதுதான்: இந்த வீச்சு தோற்றால் நான் எங்கே கிடப்பேன்?

இந்தப் பரீட்சையில் தேறுகிறவை, முகத்துக்கு முகம் நின்று செய்யும் சிறிய வீச்சுகள். எதிராளியின் காலை உள்பக்கமாகக் கொக்கியிட்டு வாரும் 'ஓ-உச்சி-காரி', 'கோ-உச்சி-காரி'. அடி எடுத்துவைக்கும் பாதத்தைத் துடைத்துவிடும் 'தே-ஆஷி-பராய்'. தோற்றாலும் நின்ற இடத்திலேயே நிற்கலாம். பிடியும் கையை விட்டுப் போகாது. ஜியு-ஜிட்சுக்காரர்கள் இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, குனிந்து, ஒரு காலை முன்வைத்து நிற்பார்கள். நிமிர்ந்து நிற்பவருக்கென்று வடிவமைத்த 'உச்சி மாட்டா' இங்கே திணறும். முன்வைத்த அந்தக் காலோ வாருவதற்குத் தோதாக இருக்கும்.

இரண்டாவது வகை, தானே தரையில் விழுந்து எதிராளியைத் தலைக்கு மேலாகப் புரட்டும் 'சுமி காயேஷி', 'டொமோயே நாகே'. குனிந்து நிற்பவருக்கு இவை கச்சிதமாகப் பொருந்தும். தோற்றாலும், மல்லாந்து கிடந்து கால்களால் எதிராளியைத் தடுக்கும் 'கார்டு' நிலையில்தான் இருப்போம். ஜியு-ஜிட்சுவில் அது தோல்வி நிலையே இல்லை. அங்கிருந்து ஆயிரம் வழி.

மூன்றாவது வகை, ஜூடோ தானே கைவிட்டவை. காலைக் கையால் பிடித்து வீழ்த்தும் உத்திகளை சர்வதேச ஜூடோ 2010-ல் கட்டுப்படுத்தி, 2013-ல் முற்றாக விலக்கியது. அதற்குப் பின் கற்ற தலைமுறைக்கு 'மொரோட்டே காரி', 'குச்சிகி தாவோஷி' எல்லாம் புத்தகத்துப் படங்கள். ஜியு-ஜிட்சுவில் அவற்றுக்கு இன்றும் மவுசு உண்டு. பழைய மாஸ்டர் யாராவது ஊரில் இருந்தால், போய்க் கேட்டுக் கற்றுக்கொள்ளலாம். கற்காவிட்டாலும், தற்காக்கவாவது தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது பரீட்சை: வீச்சு பலித்தால் நான் எங்கே இருப்பேன்? ஜூடோவில் முழு விசைக்காக எதிராளியோடு சேர்ந்து உருண்டுபோகும் பழக்கம் பலருக்கு உண்டு. இங்கே உருண்டால் அவர் மேலே, நீங்கள் கீழே. 3 விநாடி கணக்கும் போச்சு. வீசிய கையோடு சட்டைக்கையை விடாமல், முழங்காலைப் பதித்து மேலே நிற்கப் பழக வேண்டும்.

1951-ல் ரியோவின் மரக்கானா அரங்கில் ஜப்பானின் மசாஹிகோ கிமுரா, ஹீலியோ கிரேசியை மீண்டும் மீண்டும் தூக்கி வீசினார். ஆட்டம் முடியவில்லை. தரையில் கையை மடக்கி முறுக்கிய பிறகுதான் முடிந்தது. அந்தப் பிடிக்கு பிரேசில்காரர்கள் வைத்த பெயர் 'கிமுரா'. தோற்றவர்கள், தங்களைத் தோற்கடித்தவரின் பெயரால் ஒரு பிடியை இன்றும் கற்றுக்கொடுக்கிறார்கள். இரண்டு களத்திலும் பெயர் எடுக்க முடியும் என்பதற்கும் சாட்சி உண்டு. 2004 ஒலிம்பிக்கில் ஜூடோ வெண்கலம் வென்ற பிரேசிலின் ஃபிளாவியோ காண்டோ, 2016-ல் வெள்ளி வென்ற அமெரிக்காவின் டிராவிஸ் ஸ்டீவன்ஸ், இருவருமே ஜியு-ஜிட்சுவிலும் கருப்பு பெல்ட்காரர்கள்.

மூன்றாவது பரீட்சையைப் பலர் எழுதுவதே இல்லை: யாருடைய முழங்கால்? எதிராளியின் கால்களைக் கத்தரிக்கோல்போல் வெட்டி வீழ்த்தும் 'கானி பசாமி'யால் 1980-ல் ஜப்பானின் யமஷிதாவுக்குக் கால் எலும்பு முறிந்தது. பின்னர் ஜூடோ அதைத் தடைசெய்தது. ஜியு-ஜிட்சு கூட்டமைப்பும் அனுமதிப்பதில்லை. பக்கவாட்டில் உட்கார்ந்து இழுக்கும் 'தானி ஓடோஷி'க்குத் தடையில்லை. ஆனால் தவறாகச் செய்தால் முழு உடல் எடையும் எதிராளியின் முழங்கால்மேல் விழும். ஒரு தசைநார் அறுந்தால் மாதக்கணக்கில் படுக்கை, ஆபரேஷன், செலவு. விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலை கனவு காணும் பிள்ளைக்கு அது ஒரு பதக்கத்தைவிடப் பெரிய விலை. இந்த வீச்சு வேண்டாம் என்று ஒதுக்குவது கோழைத்தனமில்லை.

கடைசியாக ஒரு சங்கடம். எதிராளி நிற்கவே மறுக்கலாம். மணி அடித்ததும் காலரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட அவருக்கு உரிமை உண்டு. பத்து வருடம் பழகிய வீச்சுகள் அத்தனையும் அந்தக் கணமே வீண். ஆரம்ப நிலையான வெள்ளை பெல்ட் ஆட்டம் 5 நிமிடம். அதில் முக்கால்வாசி தரையில் கழியலாம்.

எனவே, போட்டிக்கு மூன்று மாதம் இருந்தால் இருபது வீச்சுகளைத் தூசிதட்ட வேண்டாம். ஒரே பிடியிலிருந்து கிளம்பும் இரண்டு போதும்: முகம் பார்த்து வாரும் ஒன்று, அது தடுக்கப்பட்டால் கைகொடுக்கும் இன்னொன்று. மிச்ச நேரமெல்லாம் தரைக்கு. முக்கியமாக, உட்கார்ந்திருப்பவரின் கால்களைத் தாண்டிப் போவதற்கு. பெங்களூர் பஸ் ஏறுமுன், போட்டி நடத்துபவர்களிடம் விதிப்புத்தகத்தையும் ஒருமுறை கேட்டு வாங்கிப் படித்துவிடுவது நல்லது. எல்லாப் போட்டிகளுக்கும் விதி ஒன்றல்ல.