ஆகாயத்தில் இரண்டு கணக்கர்கள்

கிணறு வெட்ட எண்ணுகிறவர் முதலில் செய்யும் காரியம் என்ன? நீரோட்டம் பார்க்கத் தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடிப்பதுதான். அவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டோ, வேப்பங் கவைக்குச்சியை ஏந்திக்கொண்டோ தோட்டத்தைச் சுற்றி வருவார். ஓரிடத்தில் தேங்காய் நிமிர்ந்து நிற்கும். "இங்கே வெட்டுங்கள்" என்பார். தண்ணீர் வந்தால் அவருடைய கைராசி. வராவிட்டால் நம்முடைய தலைவிதி!

மண்ணுக்குள் மறைந்திருப்பதை மண்மேல் நின்று அறிவதே இவ்வளவு சிரமமாயிருக்க, 500 கிலோமீட்டர் உயரத்தில் பறந்துகொண்டு, "இந்தத் தேசத்தின் நிலத்தடி நீர் இவ்வளவு குறைந்துவிட்டது" என்று கூற முடியுமா? முடியும் என்று காட்டிவிட்டார்கள் விஞ்ஞானிகள். அது மட்டுமல்ல; நம் பாரத தேசத்தைப் பற்றி அவர்கள் கண்டு சொன்ன செய்தி, நாம் ஒவ்வொருவரும் சிந்திக்க வேண்டிய செய்தியாகும்.

இரட்டையர் சஞ்சாரம்

2002-ஆம் ஆண்டு மார்ச் 17-ஆம் தேதி, அமெரிக்காவும் ஜெர்மனியும் சேர்ந்து அமைத்த இரண்டு செயற்கைக் கோள்கள் ருஷ்யாவிலுள்ள பிளெஸெட்ஸ்க் தளத்திலிருந்து ஏவப்பட்டன. 'கிரேஸ்' என்பது அவற்றின் பெயர். ஒன்றன்பின் ஒன்றாக, சுமார் 220 கிலோமீட்டர் இடைவெளி விட்டு, ஒரே பாதையில் அவை பூமியைச் சுற்றின. ஓயாமல் துரத்திக்கொண்டிருந்ததால், கேலிச்சித்திரப் பூனையும் எலியுமான டாம், ஜெர்ரி என்ற செல்லப் பெயர்களும் அவற்றுக்குக் கிடைத்தன.

இந்த இரட்டையர் பூமியைப் படம் பிடிக்கவில்லை. தங்களுக்குள் இருந்த தூரத்தை இடைவிடாமல் அளந்துகொண்டிருந்ததுதான் அவர்கள் செய்த வேலை! அதில் என்ன பிரமாதம் என்று கேட்கலாம். விஷயம் இதுதான்: தண்ணீருக்கு எடை உண்டு. குடத்தை இடுப்பில் சுமந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. எடை மிகுந்த இடத்தில் பூமியின் ஆகர்ஷண சக்தியும் சற்று மிகும். அப்படிப்பட்ட பிரதேசத்தை நெருங்கும்போது முன்னே செல்லும் கோள் முதலில் இழுக்கப்பட்டு விரைகிறது. இடைவெளி கொஞ்சம் அகலுகிறது. பிறகு பின்னே வரும் கோளும் இழுக்கப்படுகிறது, இடைவெளி குறுகுகிறது. இந்த மாறுதல் தலைமயிரின் பருமனைவிட மிகச் சிறியதானாலும், நுண்ணலைகளைக் கொண்டு அதை அளந்துவிடும் திறமை அவற்றுக்கு இருந்தது.

மலையும் பாறையும் மாதத்துக்கு மாதம் எடை மாறுவதில்லை. மாறுவது பெரும்பாலும் தண்ணீர்தான். ஆகையால் இந்த மாத அளவிலிருந்து சென்ற மாத அளவைக் கழித்தால், எந்தப் பிரதேசத்தில் தண்ணீர் கூடிற்று, எங்கே குறைந்தது என்பது தெரிந்துவிடும். அதிலிருந்து ஆறு, ஏரி, பனி, மேல்மண்ணின் ஈரம் ஆகியவற்றின் பங்கை வேறு கணக்குகளைக் கொண்டு நீக்கினால், மிஞ்சுவது பாதாளத்து நீரின் வரவு செலவு.

வானம் பொய்க்கவில்லை

2009-ஆம் ஆண்டில் 'நேச்சர்' என்னும் விஞ்ஞானப் பத்திரிகையில் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. மாத்யூ ரோடெல், இஸபெல்லா வெலிகோக்னா, ஜேம்ஸ் பாமிலியெட்டி என்னும் மூவர் அதை எழுதியிருந்தார்கள். ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானா, டில்லி ஆகிய பிரதேசங்களில் 2002 ஆகஸ்டு முதல் 2008 அக்டோபர் வரை நிலத்தடியிலிருந்து மறைந்துபோன நீர் 109 கன கிலோமீட்டர் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். பக்ரா அணையின் பின்னே தேங்கும் கோவிந்த சாகர் ஏரியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதுபோன்ற ஏறக்குறைய பன்னிரண்டு ஏரிகள், ஆறே ஆண்டுகளில், ஒருவர் கண்ணிலும் படாமல் வற்றிப் போயின என்று வைத்துக்கொள்ளலாம்.

இதில் திடுக்கிடச் செய்யும் அம்சம் வேறொன்று. அந்த ஆண்டுகளில் அங்கே மழை பெரிதாகப் பொய்க்கவில்லை. ஏறக்குறைய வழக்கம்போலவே பெய்தது. ஆகவே வருண பகவான்மேல் பழிபோட வழியில்லை. தண்ணீரை எடுத்தது மனிதன் கை.

ஆனால் பஞ்சாப் குடியானவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது தர்மமாகாது. 1965, 1966-ஆம் ஆண்டுகளின் வறட்சியில் அமெரிக்கக் கோதுமைக் கப்பல் வந்தால்தான் சோறு என்ற நிலையில் நாம் இருந்தோம். பிறர் தயவில் உண்ணும் அந்த அவமானத்தைத் துடைத்தவர்கள் பஞ்சாப், ஹரியானாக் குடியானவர்கள். புதிய வித்துக்களை விதைத்தார்கள். குழாய்க் கிணறுகளை இறக்கினார்கள். கோதுமைக்குப் பின் நெல்லையும் பயிரிட்டுத் தேசத்தின் களஞ்சியத்தை நிரப்பினார்கள். சர்க்கார் அந்த நெல்லை நிச்சயமான விலை கொடுத்து வாங்கிற்று. 1997 முதல், இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக, பஞ்சாபில் பம்புக்கு மின்சாரமும் இலவசமாயிற்று. பிறகு யார்தான் பம்பை நிறுத்துவார்கள்? அன்னத்தில் நாம் பெற்ற சுயராஜ்யத்துக்குப் பூமிக்கடியிலிருந்து விலை கொடுத்துக்கொண்டிருந்தோம். ஆகாயத்துக் கணக்கர்கள் அந்தப் பற்றுச்சீட்டை நம் முன் நீட்டிவிட்டார்கள்.

எல்லை அறியாத கண்

நம்மை மட்டும் அவர்கள் கவனிக்கவில்லை. டைக்ரிஸ், யூப்ரடீஸ் நதிகள் பாயும் துருக்கி, சிரியா, இராக், ஈரான் பிரதேசத்தில் 2003 முதல் 2009 வரை 144 கன கிலோமீட்டர் நன்னீர் குறைந்தது. அதில் பெரும்பங்கு நிலத்தடி நீர். அண்டை நாடுகள் தங்கள் தண்ணீர்க் கணக்கை ஒன்றுக்கொன்று மறைக்கலாம்; வானத்திலிருந்து அளக்கும் யந்திரத்திடம் மறைக்க முடியாது. அமெரிக்காவின் கலிபோர்னியாவிலும் இதே கதைதான். அங்கே 2014-ல் நிலத்தடி நீரைக் கட்டுப்படுத்த ஒரு சட்டமே செய்தார்கள்.

கிரேஸ் இரட்டையர் 2017-ல் ஓய்ந்தனர். 2018 மே 22-ல் அவர்களுடைய வாரிசுகள் விண்ணேறிப் பணியை ஏற்றன. அவற்றின் அளவுகளைக் கொண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் வாரந்தோறும் வறட்சிப் படங்கள் தயாரிக்கிறார்கள். ஒரு நல்ல மழையில் மேல்மண் நனைந்து புல் பசுமையாகிவிடலாம்; அடியில் வறட்சி நீடித்திருக்கலாம். பசுமையைக் கண்டு ஏமாறாமல் இருக்க அந்தப் படங்கள் உதவுகின்றன.

கணக்கர் சொல்லாதது

இந்தக் கணக்கர்களுக்கும் எல்லை உண்டு. பல ஜில்லாக்களைச் சேர்த்து ஒரு பிரதேசமாகத்தான் அவர்களால் அளக்க முடியும். உங்கள் கொல்லைக் கிணற்றின் ஆழத்தை அவர்கள் அறியார்கள். எவ்வளவு செலவாயிற்று என்று சொல்வார்களே தவிர, பெட்டியில் பாக்கி எவ்வளவு என்று சொல்ல அவர்களால் ஆகாது. அதற்குக் கிணறுகளை இறங்கி அளக்கத்தான் வேண்டும்.

நுட்பமாகப் பார்க்க வேறொரு வழியும் வந்திருக்கிறது. 2025 ஜூலை 30-ஆம் தேதி ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து நம்முடைய ராக்கெட்டே ஏந்திச் சென்ற 'நிசார்', நம் இஸ்ரோவும் அமெரிக்க நாஸாவும் கூடி அமைத்த கோள். நிலம் சிறிதே அமிழ்ந்தாலும் அதைக் கண்டுபிடிக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. அளவுக்கு மீறி நீர் இறைத்தால் சில இடங்களில் நிலமே இறங்கிவிடுமல்லவா? அத்தகைய இடங்களை அது காட்டும். நாம் பெருமைப்பட வேண்டிய விஷயந்தான்.

ஆனால் நோயை அறிவது வேறு. பத்தியம் இருப்பது வேறு. 2009-ல் பஞ்சாப் சர்க்கார், ஜூன் 10-க்கு முன் நெல் நடக்கூடாது என்று சட்டம் செய்தது. கடும் கோடையில் வீணாக ஆவியாகும் நீரை மிச்சப்படுத்துவது நோக்கம். அந்தத் தேதி பின்னர் பல முறை மாற்றப்பட்டிருக்கிறது. நடவு தள்ளிப்போனதால் அறுவடையும் தள்ளிப்போயிற்று. கோதுமை விதைக்க அவகாசம் குறைந்ததால் நெற்கட்டையைக் கொளுத்தும் வேலையும் குளிர்கால வாசலில் வந்து சேர்ந்தது. அந்தப் புகை டில்லி வரை செல்கிறது. ஒரு முடிச்சை அவிழ்த்தால் மற்றொன்று விழுகிறது. நெல்லைக் குறைத்துச் சிறுதானியமும் பருப்பும் பயிரிடலாம். ஆனால் நெல்லுக்குப் போல அவற்றுக்கும் உறுதியான விலை கிடைக்க வேண்டும். அதைக் குடியானவர் தனித்துச் செய்துவிட முடியாது. வாங்கி உண்ணும் நாமும், விலை வகுக்கும் சர்க்காரும் சேர்ந்தால்தான் முடியும்.

கப்பலுக்குக் காத்திருந்த தலைமுறை, பேரப்பிள்ளைகள் பட்டினி கிடக்கக்கூடாது என்று பாடுபட்டது. அந்தப் பேரப்பிள்ளைகள் தம் சந்ததியாருக்கு வெறும் குழாயை மட்டும் விட்டுச் செல்வது நியாயமா? வானத்தில் கணக்கெழுத ஆள் வைத்தாயிற்று. செலவைக் குறைக்கும் பொறுப்பு பூமியில் இருக்கும் நம்முடையது.