குட்டிப் பசங்களுக்கு வேண்டாமே குவாட் பைக்!

லீவுக்கு ஃபேமிலியோட ரிசார்ட் போறீங்களா ஃப்ரெண்ட்ஸ்? மணலிலும் சேற்றிலும் சீறிப் பாயுற குவாட் பைக், அதாங்க ஏ.டி.வி., சில இடங்களில் இருக்கும். பார்த்ததுமே உங்க வீட்டு வாண்டு "அண்ணா, நானும்!"னு அடம் பிடிக்கும். டிக்கெட் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் பாஸ்!

'நாலு சக்கரம் இருக்கே, எப்படிக் கவிழும்?'னுதானே நினைக்கிறீங்க? கவிழும். உயரத்தோட ஒப்பிட்டா இந்த வண்டிக்கு அகலம் கம்மி. வளைவில் உள்பக்கமா, மேட்டில் முன்பக்கமா ஓட்டுறவர் உடம்பைச் சாய்க்கணும். ஹேண்டில்பார் மாதிரியே அவரோட எடையும் ஒரு கன்ட்ரோல்தான்! பெரியவங்க ஓட்டுற வண்டி சுமார் 300 கிலோ இருக்கும். 70 கிலோ ஆள் சாய்ஞ்சா அது பேச்சைக் கேட்கும். 30 கிலோ பையன் சாய்ஞ்சா? ம்ஹூம்! கவிழ்ந்து மேல விழுந்தா அவனால தள்ளவும் முடியாது. மூச்சு நின்னே போயிடலாம்.

இந்த வண்டி ரொம்பப் பிரபலமா இருக்கிற அமெரிக்காவுல, விபத்துகள் பெருகினதால 1988-ல் மூணு சக்கர மாடல்களின் விற்பனையை நிறுத்தினாங்க. நாலு சக்கரம் வந்த பிறகும் குழந்தைகள் அடிபடுறது நிற்கலை. 'பதினாறு வயசுக்குக் கீழே யாருமே ஓட்டக் கூடாது'ங்கிறது அந்த நாட்டுக் குழந்தை மருத்துவர்கள் அமைப்போட கண்டிப்பான அட்வைஸ். வேகம் குறைச்ச சின்ன வண்டிகள் குழந்தைகளுக்குன்னே விற்பனைக்கு வந்தும், டாக்டர்கள் மனசு மாறலை.

'நான் ஓட்டுறேன், அவன் கூட உட்காரட்டும்'னு ஐடியாவா? அதுவும் டேஞ்சர்! பெரும்பாலான குவாட் பைக்குகள் ஒருத்தருக்கு மட்டும்தான். சீட் நீளமா இருக்கிறது ரெண்டு பேருக்காக இல்லை, ஓட்டுறவர் முன்னும் பின்னும் நகர்றதுக்காக. கூட ஒரு ஆள் உட்கார்ந்தா உங்களால எப்படிச் சாய முடியும்?

நீங்க ஓட்டுறீங்களா? ஹெல்மெட்டை மாட்டி, பட்டையை இறுக்குங்க. ஷூ, முழுக்கை சட்டை கட்டாயம். தார் ரோடு பக்கம் போகவே போகாதீங்க. காத்து கம்மியா வைக்கிற அந்த டயர் மண்ணுக்கானது.

"ஒண்ணும் ஆகாது சார், சும்மா ஒரு ரவுண்டு"னு வண்டிக்காரர் சொல்லுவார். அப்பாவும் தலையாட்டுவார். காலேஜ் படிக்கிற பிள்ளை சொன்னா வீட்டுல காது கொடுப்பாங்க. அந்த இடத்துல "வேண்டாம்பா"னு சொல்ல வேண்டிய ஆள் நீங்கதான்!